கனித் தட்டு

"கண்ணத் தொறந்துறாதீங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்து நின்று, இரண்டு உள்ளங்கைகளாலும் அப்பாவின் கண்களைப் பொத்தினான் ரமேஷ்குமார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த காளிச்சாமி சிரித்தார்.

"பொத்தாட்டியும் தொறக்க மாட்டேன்டா. எத்தன சித்திரக்கனி பாத்தவன் நானு."

"இரு கண்ணு, நானே கூட்டியாறேன்" என்று சமையலறையிலிருந்து கருப்பாத்தாள் குரல் கொடுத்தாள். "வருசாவருசம் நாந்தான கூட்டியாறது."

"இந்த வருசம் நானுங்கம்மா. நீங்க வெளக்குப் பத்தவெக்கற வேலையப் பாருங்க."

காளிச்சாமி எழுந்தார்.

சித்திரை முதல் நாள் கனி காண, மகன் நேற்று ராத்திரிதான் கோவையிலிருந்து வந்து இறங்கினான். சும்மா வரவில்லை. தை மாதம் காளிச்சாமி வாய்க்காலில் கால் தவறி விழுந்ததிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சு. வடகரப்பதியில் இருந்தது போதும், தோட்டத்தைக் கோழிப்பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு இரண்டு பேரும் அபார்ட்மெண்டுக்கு வந்துவிட வேண்டும்.

"பால்கனில நாலு தொட்டி வெச்சுக்கலாமுங்கப்பா."

"நாலு தொட்டில கொத்தமல்லி வெளையும். நான் வெளைய மாட்டேன்."

கடைசியில் போனிலேயே ஒரு பந்தயம் ஆனது. இந்த வருசம் கனித் தட்டில் வேலந்தாவளம் சந்தைக் காய் ஒன்றுகூட இருக்கக் கூடாது. எல்லாம் அப்பா விளைவித்து, அப்பாவே பறித்ததாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ரமேஷ்குமார் அபார்ட்மெண்ட் பேச்சையே எடுக்க மாட்டான். இல்லையென்றால் இன்று சாயங்காலமே கார் ஏற வேண்டும்.

காளிச்சாமி பறித்துவிட்டார். மகன் வருவதற்கு முன்பே, நேற்று வெயில் தாழ்ந்ததும் தோட்டத்துக்குள் இறங்கினார். எந்தப் பாத்தியில் எது என்று அவர் காலுக்கே தெரியும்.

வெள்ளரி பழுத்ததை மணமே சொன்னது. காம்பைத் தொட்டதும் கழன்று கைக்கு வந்தது. கத்தரியின் முள் விரலில் ஏறியது. கல் கட்டித் தொங்கவிட்ட புடலை தோளில் உரசியது. கருப்பாத்தாள் கூடையோடு ஒட்டிக்கொண்டே வந்தாள்.

"அது பிஞ்சுங்க, உட்டுருங்க" என்றாள் ஒருமுறை. மற்றபடி அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தட்டை அடுக்கியதும் அவர்தான்.

இப்போது, விடிவதற்கு முன்பே, நடையில் காளிச்சாமி முன்னால் போனார். கூடத்து நிலைவாசலைத் தாண்டும்போது பின்னால் வந்த மகன்தான் தலையை இடித்துக்கொண்டான்.

"ஏண்டா, அபார்ட்மெண்டுல நெலவாசலே இல்லியாக்கு?"

"இருக்குதுங்க. இத்தன குட்டையா இல்லீங்க."

கூடத்தில் தட்டுக்கு எதிரே மணையில் அவரை உட்காரவைத்தான். கொன்றைப்பூ வாசம் வந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் முதலில் கண் திறந்து, தட்டில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதெல்லாம் அந்த வருசம் குறையாது என்பது நம்பிக்கை.

தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மெல்ல அடங்கி நின்றது. விளக்குச் சுடர் அலையக் கூடாதென்று நிறுத்திவிட்டான் போலிருக்கிறது, பையனுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து மகனின் கைகள் விலகின.

"ஏனுங்க, செத்த இருங்க!" சமையலறையில் ஏதோ பாத்திரம் உருண்டது. "நான் வந்தர்றனுங்க, அப்பறம் பாருங்க!"

இத்தனை வருசம் கூட்டிவந்தவளுக்கு ஆசை இருக்காதா? ஆனால் கைகள் விலகிய பிறகும் காத்திருந்தால் மகன் என்ன நினைப்பான்? காளிச்சாமி கண்ணைத் திறந்தார்.

"அடேயப்பா! நடுவுல வெள்ளரியப் பாரு, தங்கமாட்டம் மஞ்சளா. அதுக்கு ஒட்டுனாப்பல கத்திரிக்கா, ஊதா நெறத்துல மினுமினுங்குது. இந்தப் பக்கம் பொடலங்கா. கிருஷி பவன் ஆபீசுல குடுத்த வெதைல வந்த வெண்டக்கா, பச்சப்பசேல்னு. சுத்தியும் கொன்னப்பூ..."

சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தைரியம் கூடிவிட்டது.

"பின்னால வெச்ச கண்ணாடில என்ற மொகமே பத்து வயசு கொறஞ்சாப்பல தெரியுது. என்னடா, இதுல ஒண்ணாச்சும் சந்தக் காயா? சொல்லு பாக்கலாம்."

காளிச்சாமி காதைச் சாய்த்தார்.

"ரமேசு?"

பக்கத்தில் அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. சமையலறையில் தீக்குச்சி ஒன்று உரசியது, பற்றவில்லை. மறுபடி உரசியது. காளிச்சாமி மணையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா... கரண்டு போயிருச்சுங்க, எனக்கே ஒண்ணுந் தெரியலீங்க."