மாப்பிள்ளையின் ஒரே மாணவர்

"மாமா, ஸ்டாப் லாஸ்னா என்னன்னு திரும்பத் திரும்பக் கேக்கறீங்க. ராத்திரி தூங்கினதும் சொன்னதெல்லாம் காது வழியா வழிஞ்சு போயிடுதா?"

சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. எதிரே, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார் மாமனார். தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கனைத்தால் அலுவலகத்தில் மின்விசிறிகூட மெல்லச் சுற்றும் என்பார்கள். அப்படிப்பட்டவர் மாப்பிள்ளையிடம் பங்கு வர்த்தகம் படிக்கத் தினமும் வந்து உட்காருவது, சொந்தக்காரர்கள் யாருக்கும் விளங்காத புதிர்.

"வயசாயிடுச்சு மாப்பிள்ளை. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றபடி, சட்டைப் பையிலிருந்து கட்டண உறையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எதுக்கு மாமா இதெல்லாம்? வீட்டு மனுஷங்ககிட்டப் போய்..."

"ஓசியில படிக்கிற வழக்கம் எங்க வம்சத்துல இல்ல."

மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டான். "சரி. ஒரு பங்கை நூறுக்கு வாங்கறீங்க. தொண்ணூத்தஞ்சுக்கு இறங்கினா வித்துட்டு வெளியே வந்துடணும். நஷ்டம் அந்த அஞ்சோட நிக்கும். அதுதான் ஸ்டாப் லாஸ். ஆனா, சில சமயம் வரக் கூடாது. பொறுத்திருக்கணும்."

"நேத்து, கண்ணை மூடிட்டு வெளியே வந்துடணும்னீங்களே?"

"அது நேத்து சந்தை மாமா. இது இன்னிக்குச் சந்தை."

'இந்த லட்சணத்தில் ஆடினால் போன வருஷ நஷ்டம் காரோடு நின்றதே அதிசயம்!' என்று நினைத்துக்கொண்டார் மாமனார். மாப்பிள்ளை கடனை அடைக்க விற்ற கார் அது.

அழைப்பு மணி அடித்தது. கீழே பார்சல் வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு மாப்பிள்ளை இறங்கிப் போனான். அதற்காகவே காத்திருந்ததுபோல் மகள் தேநீருடன் வந்தாள்.

"எத்தனை நாளைக்கும்மா இந்தக் கூத்து?" மாமனார் குரலைத் தாழ்த்தினார். "கணக்குல ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடிச்சவன் நான். காது வழியா வழியுதாங்கறார். வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"இன்னும் கொஞ்ச நாள்ப்பா. அவருக்குச் சாயங்கால ஷிப்ட். பகல் பூரா சும்மா இருந்தா கை தன்னால சொந்தக் கணக்குக்குத்தான் போகும். நீங்க பக்கத்துல இருந்தாத்தான் நிஜப் பணம் போடாத பயிற்சிக் கணக்கோட நிக்கறார். புது வீட்டுக்குக் கட்ட வெச்சிருக்கற முன்பணமும் போச்சுன்னா..."

"போகாது. நம்ம பொண்ணு வீடு வாசல் இல்லாம நிக்கறான்னு நாலு பேர் பேச விட்டுடுவேனா? அதுக்கு, நான் மக்குன்னு பேர் வாங்கிட்டுப் போறேன்."

அவருடைய கைப்பேசி கிணுகிணுத்தது. 'தினம் ஒரு ஜாக்பாட்' என்று ஒரு பங்குச் சந்தை வாட்ஸ்அப் குழுவின் பெயர் திரையில் மின்னியது.

"நடைப்பயிற்சி நண்பர் சேர்த்துவிட்டார். சும்மா பாக்கறதுதான்" என்று அவராகவே சொல்லி, அதைக் கவிழ்த்து வைத்தார். மகள் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பாடம் தொடர்ந்தது. நடுவில் மாப்பிள்ளையின் விரல்கள் மவுஸ் அம்பைத் திரையின் ஓரத்துக்கு நகர்த்தின. அவனுடைய சொந்தக் கணக்கைத் திறக்கும் படம் அங்கேதான் இருந்தது. மாமனார் கனைத்தார்.

"மாப்பிள்ளை, ஸ்டாப் லாஸ்னா என்னன்னு சொன்னீங்க?"

அம்பு சட்டென்று திரும்பி வந்துவிட்டது.

"ஐயோ மாமா! சுவத்துக்குச் சொல்லியிருந்தா அதுகூட இந்நேரம் சந்தையில இறங்கியிருக்கும்!"

மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

மதியத்துக்குப் பிறகு, பயிற்சிக் கணக்கில் அவர் குருட்டாம்போக்கில் வாங்கிய பங்கு ஒன்று கிடுகிடுவென ஏறியது. அவர் தன்னை மறந்து எழுந்தேவிட்டார்.

"அட, பறக்குது பாருங்க! இதுல நிஜப் பணம் போட்டிருந்தா?"

கை தானாகக் கைப்பேசியைத் தொட்டது. மாப்பிள்ளை அவசரமாக அந்தப் பக்கத்தை மூடினான்.

"இது பாடத்துல வராது மாமா. உட்காருங்க. முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."

சந்தை மூடியதும் மாமனார் குடையை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு, திறக்கறதுக்கு முன்னாடியே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். முதுகு கொஞ்சமும் வளையவில்லை. இன்றைக்கும் குடும்ப மானத்துக்குக் குந்தகம் வரவில்லை. மரமண்டை என்ற பட்டம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்?

கதவு சாத்தப்பட்டதும் மாப்பிள்ளை நாற்காலியில் பொத்தென்று சாய்ந்தான்.

"உங்கப்பாவைக் குழப்பறதுக்குள்ள எனக்கே எல்லாம் மறந்துடும்போல இருக்கு! அந்த ஜாக்பாட் குழுவை நம்பி ஓய்வுப் பணத்தையெல்லாம் கொட்டிடப் போறார், எப்படியாவது தடுங்கன்னு நீ அழுத. அதனாலதான் சந்தை நேரம் பூரா என் கணக்கைத் தொடாம, அவருக்குப் புரியாத மாதிரியே பாடம் நடத்திட்டு உட்கார்ந்திருக்கேன். இன்னும் எத்தனை நாளைக்கு?"

"இன்னும் கொஞ்ச நாள்ங்க" என்றாள் அவள், கட்டண உறையை பீரோவில் வைத்துப் பூட்டியபடி, காலையில் அப்பாவிடம் சொன்ன அதே குரலில்.