சங்கத்தின் ஒரே விதி

மனித குலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: ஆற அமரச் சைக்கிள் ஓட்டுவோர் சங்கத்தின் பதினேழாம் ஆண்டுச் சதுப்புநிலப் பயணம் இனிதே நிறைவுற்றது.

சங்கத்துக்கு ஒரே விதி. தலைவரை யாரும் முந்தக்கூடாது. முந்தவும் வழியில்லை, பாதை ஒற்றைக் கரை, இருபுறமும் சேறு.

காலையில் தலைவரின் மச்சான் அவருக்குப் பின்னால் ஒட்டி வந்து சொன்னார்: "அத்தான், இந்தத் தடவை தலைவர் பதவிக்கு நானும் நிக்கிறேன்."

"தாராளமா நில்லுப்பா," என்ற தலைவர், மற்றவர்கள் வளைவு திரும்புமுன் காற்றடிக்கும் பம்பால் மச்சானின் மண்டையைப் பிளந்தார். உடலைச் சைக்கிளோடு சேற்றில் தள்ளிவிட்டு, குமிழிகள் அடங்கும்வரை நின்று பார்த்தார்.

அடுத்த நிழற்குடையில் மச்சான் உட்கார்ந்து காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார். "என்ன அத்தான், வயசாயிடுச்சா?"

நிழற்குடைக்குப் பின்னாலிருந்த அலையாத்திக் காட்டுக்குள் அவரைத் தனியாக அழைத்துப் போன தலைவர், சைக்கிள் சங்கிலியால் கழுத்தை இறுக்கினார். அடுத்த நிறுத்தத்தில் மச்சான் டீ குடித்துக்கொண்டிருந்தார். குடித்த டீ, சங்கிலி அறுத்த இடம் வழியாகச் சட்டையில் வழிந்தது.

மூன்றாவது முறை தலைவர் பாறாங்கல்லைத் தூக்கிப் போட்டார். முகம் என்று ஒன்று இல்லாமல் போகும்வரை போட்டார்.

பயணம் முடியும் இடத்தில் ஒருவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"அத்தான், ஓட்டெடுப்பை ஆரம்பிக்கலாமா?"

உறுப்பினர்கள் எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் விதிப் புத்தகத்தைப் பிரித்தார்.

தலைவரை மூன்று முறை முந்திய குற்றத்துக்காக மச்சானின் வேட்புமனு தள்ளுபடி செய்யப்பட்டது.