ஒரு சாண் கல்

முகிலி என்ற வரையாடு, உச்சிப் பாறைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போகிறவள். ஒருநாள் தாவி இறங்கும்போது பின்னங்கால் திருகி, முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. வீக்கம் வடிந்த பிறகும் அந்தக் காலை ஊன்ற முடியவில்லை.

ஓடையில் வசித்த கெண்டையன் என்ற நீர்நாய், நொண்டிக்கொண்டே கரைக்கு வந்த அவளைத் தண்ணீரில் நிறுத்தி, "மடக்கு, நீட்டு. தினமும் நூறு தடவை," என்றான்.

"மலை ஏறுறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா அண்ணே?" என்று அழுதாள் முகிலி.

"ரொம்ப வலிச்சா நிறுத்திக்கோ தங்கச்சி. ஆனா நாளைக்கும் வந்துடு."

வந்தாள். முதல் வாரம் முட்டி மடங்கவே இல்லை. மூன்று மாதத்தில், வற்றிப்போன தொடைச் சதை மெல்லத் திரும்பியது.

ஒரு விடியலில் கெண்டையன் கரையோரம் கிடந்த ஒரு சாண் உயரக் கல்லைக் காட்டினான். முகிலி முன்னங்கால்களை அதன்மேல் வைத்தாள். பிறகு அடிபட்ட காலை ஏற்றி, முழுப் பாரத்தையும் அதில் போட்டாள். உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனால் நின்றுவிட்டாள்.

"அண்ணே... இது என்னைத் தாங்குது!"

இருவரும் வெகுநேரம் அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இறங்கட்டுமா?" என்றாள் முகிலி.

"ஏன், வலிக்குதா?"

"இல்லண்ணே. இன்னொரு தடவை ஏறிப் பார்க்கணும்."