அசையாமல் பிடிக்க ஒருவர்

“நான் பிடிக்கிறேன், மதினி. எம்புருசன், நான்…”

“புருசன்தான். போன வாட்டி பிடிச்சியே, என்னாச்சு?”

வார்டு வாசலில் இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

போன வாரம் புருசனை அவள்தான் பிடித்திருந்தாள். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, முதுகு வளைய அணைத்திருந்தாள். முதுகில் ஊசி இறங்கும் நேரம் அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

அவனுக்கு அவள் யாரோ ஒருத்தி.

உதறினான்.

முதுகுத்தண்டு நீரில் ரத்தம் கலந்துவிட்டது. இதை வைத்து மூளையில் அழற்சி எவ்வளவு என்று சொல்ல முடியாது, மறுபடி எடுக்கணும் என்றார் டாக்டர்.

அழற்சி இறங்கினால் ஆள் அடையாளம் திரும்பலாம் என்றும் சொல்லியிருந்தார். அழற்சியைக் காட்டும் அந்த எண் இறங்கத்தான் அவள் காத்துக் கிடந்தாள்.

நாத்தனார் தவமணி எதற்கும் காத்திருக்கவில்லை. முதல் நாள் எடுத்ததில் எண் உச்சத்தில் இருந்தது; அன்றைக்கே அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டுவிட்டான்.

“எம்புட்டு ஏறுனாலும் என்னைய அவனுக்குத் தெரியுது,” என்றாள் தவமணி. சத்தம்கூடப் போடவில்லை.

கல்யாணமாகிப் பதினோரு வருசம். தவமணி ஊட்டும் ரசஞ்சோற்றுக்குத் திறக்கிற வாய், பெண்டாட்டி கரண்டியைக் கண்டதும் மூடிக்கொள்கிறது.

நர்ஸ் வந்தார். ஒருத்தர் போதும், அசையாமல் பிடிக்கிறவங்க வாங்க என்றார்.

இந்தத் தடவையும் ரத்தம் கலந்தால்?

அவள் ஒதுங்கித் தவமணிக்கு வழிவிட்டாள்.

திரைக்கு இந்தப் பக்கம் நின்றாள். குனிஞ்சுக்க சாமி, அம்புட்டுத்தான் என்று தவமணி கொஞ்சுவது கேட்டது. அவன் உதறவில்லை.

திரை இடுக்கில் குப்பி தெரிந்தது. சொட்டு விழுந்தது. தெளிந்த தண்ணீர் மாதிரி. அடுத்ததும் அப்படியே.

ஒரு துளி சிவப்பு விழாதா என்று பார்த்தாள்.

பார்த்தது உறைக்கவும் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊசியை எடுத்தாயிற்று. குப்பி பரிசோதனைக்குப் போனது. தவமணி மட்டும் இன்னும் கையை எடுக்கவில்லை.

அவன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“அக்கா, போன வாட்டி பிடிச்சாங்களே, அவங்க வரலையா?”