மடங்காத சைக்கிள்

"டேய் சின்னராசா! இதென்னடா செய்து வைச்சிருக்கிறாய்?"

சிற்றம்பலம் போட்ட சத்தத்தில், பரந்தன் சந்தியில் பஸ்சுக்கு நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சைக்கிள் கடைச் சின்னராசா எண்ணெய்க் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். "ஏன் தலைவர், பெயின்ற் வடிவாய்த்தானே பிடிச்சிருக்கு?"

"பெயின்ற் கிடக்கட்டும். இது மடங்குதில்லையேடா!"

"மடங்காது தலைவர். மடங்கிற ரெண்டு இடத்திலையும் வெல்டிங் வைச்சு இறுக்கி ஒட்டிப்போட்டன்."

சிற்றம்பலத்துக்குத் தலை சுற்றியது. சும்மா சைக்கிளா அது? இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் வவுனியாவில் விட்டுப்போன சைக்கிள். நடுவில் இரண்டாக மடக்கி, பெட்டி மாதிரிக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். பழைய இரும்பு வியாபாரி பக்கீரின் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்ததை, அவர் பின்னாலேயே ஒரு போகம் முழுக்கத் திரிந்துதான் வாங்கினார். ரயருக்கு யாழ்ப்பாணம், சங்கிலிக்கு அனுராதபுரம் என்று அலைந்த அலைச்சலில் வயலில் புல் ஏறிப்போனது. மனைவி விமலேஸ்வரியிடம் வாங்கிக் கட்டிய பேச்சும் கொஞ்சமல்ல. எல்லாம் முடிந்து, கடைசியாகப் பெயின்ற் அடிக்கக் கொடுத்த இடத்தில் இந்தக் கோதாரி!

"உனக்கு மண்டைக்குள்ளை களிமண்ணோ? மடக்கிறதுக்கெண்டுதானேடா இதை வாங்கினனான்!"

"நடுவில முறிஞ்ச சைக்கிளை ஆரோ நட்டுப் போட்டுக் கட்டியிருக்கினம் எண்டு நினைச்சன்…"

"நினைச்சியோ? போன மாதம் நீதானே மடக்கி விரிச்சு எண்ணெய் விட்டனீ?"

சின்னராசா நிலத்தைப் பார்த்தான். அதைக் கண்டதும் சிற்றம்பலத்துக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்தது.

"காலமையே கள்ளு அடிச்சுப்போட்டோ ஒட்டினனீ? குடிகாரப் பயல்!"

சின்னராசா வெறும் தேத்தண்ணியைத் தவிர வேறெதுவும் வாயில் வைக்காதவன்.

சிற்றம்பலம் யார்? தர்மபுரம் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர் அல்லவா! அன்று பின்னேரம் நாயாற்றில் கூட்டம். அங்குள்ள கள்ளுத் தவறணையை மூடவேண்டும் என்று பேசப்போகிறார். முல்லைத்தீவு வரைக்கும் பஸ், அங்கிருந்து சைக்கிள். அதுதான் திட்டம். மாலையும் ஒலிபெருக்கியும் அங்கே காத்துக் கிடக்கின்றன.

பஸ் வந்து நின்றது. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடினார்.

"சைக்கிள் ஏத்தேலாது ஐயா. மேலை முழுக்க வாழைக்குலை" என்றான் கொண்டக்டர்.

"தம்பி, இது மடக்கிற சைக்கிள்!"

"அப்ப மடக்குங்கோவன்."

பஸ்சுக்குள் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவருக்குக் காது சுட்டது. பஸ் போய்விட்டது. இனி நாயாறும் இல்லை, மாலையும் இல்லை.

"பாவம் தலைவர், ஒரு நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்ட மனிசன்" என்றார் தேத்தண்ணிக் கடை நடராசா. "உந்த மோடன்ரை கையில போய்க் குடுத்தாரே!"

"இனி நீ இந்தச் சந்தியில கடை நடத்துறதைப் பாக்கிறன்!" என்று சிற்றம்பலம் கையை ஓங்கினார்.

சின்னராசா கிட்ட வந்து மெல்லச் சொன்னான். "தலைவர், நான் சும்மா ஒட்டேல்லை. ஒட்டச் சொல்லித்தான் ஒட்டினனான்."

"ஆரடா சொன்னது?"

"வீட்டை போய்க் கேளுங்கோ."

உச்சி வெயிலில் தர்மபுரம் வரைக்கும் மிதித்தார். சைக்கிள் என்னவோ தண்ணீர் மாதிரித்தான் ஓடியது. அது வேறு எரிச்சல்.

விமலேஸ்வரி குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"நீயோ ஒட்டச் சொன்னனீ?"

"ஓம், நான்தான்."

"உனக்கென்ன விசரோ? நாலு சனத்துக்கு முன்னாலை என்ரை மானம் போச்சு!"

"உங்கடை மானத்துக்காகத்தான் செய்தனான்."

திருவலையை விட்டு எழுந்து, வாசல் படலையில் யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தாள்.

"உங்கடை முந்தின சைக்கிள் காட்டுப்பக்கத் தவறணை வேலியில சாத்தியிருந்தபடியால்தான், ஆள் உள்ளுக்கை எண்டு கண்டு, ஊர் காண முதல் ஒவ்வொரு முறையும் உங்களைத் தாங்கிக்கொண்டு வந்து சேர்த்தனான். இதை மடக்கி உள்ளுக்கை கொண்டுபோய் வைச்சியள் எண்டால், நான் உங்களை எங்கையெண்டு தேடுறது?"