நீதான் பார்த்தாச்சே

“அருவி பாறை உச்சியிலேருந்து நேரா மணல்ல விழுது. அப்படியே கடல்ல கலந்துடுது” என்றாள் அவள், அலுவலகத் தோழிகளோடு தீவுக்குப் போய் வந்த மறுநாள்.

கணவன் அவள் கைபேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். “ஒண்ணுலகூட நீ இல்லையே?”

அவள் கைபேசிக்குக் கை நீட்டினாள். “எடுத்ததே நான்தானே!”

“என்ன அழகு! அடுத்த ஞாயிறு குடும்பத்தோட போயிடுவோம்.”

“படியெல்லாம் செங்குத்துங்க. அத்தைக்கு முழங்கால் தாங்காது” என்றாள் அவசரமாக.

“அப்ப நீ அம்மாவோட லாட்ஜ் ரூம்லயே இரு. நானும் பிள்ளைங்களும் போயிட்டு வர்றோம். நீதான் பார்த்தாச்சே!”

தலைவலி என்று தோழிகளை மட்டும் அருவிக்கு அனுப்பிவிட்டு, அந்த லாட்ஜில் கதவைத் தாழிட்டு, யாரும் எதற்கும் கூப்பிடாத ஆறு மணி நேரம் அவள் தூங்கியிருந்தாள். பத்து வருடத்தில் முதல் முறை. படங்கள் தோழிகள் அனுப்பியவை. இனி அதைச் சொல்ல முடியுமா?

“சரிங்க” என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் முகம் மலர்ந்தது. “அதுவும் நல்லதுக்குத்தான். வீட்டுல உனக்கு உட்காரவே நேரமில்ல. அங்க நாள் பூரா நாம பேசிக்கிட்டே இருக்கலாம்!”