நிற்காத மேக்ஃபைல்

புரோகிராமை உருவாக்கித் தரும் கட்டளைகளை வரிசையாக அடுக்கி மருமகள் எழுதிய மேக்ஃபைல் லினக்ஸ் கணினியில் ஓடிவிட்டு, மற்ற இரண்டு யூனிக்ஸ் கணினிகளிலும் பிழை காட்டி நின்றுவிட்டது. கம்பெனி முதலாளியான மாமனாருக்கு வாயெல்லாம் பல்.

"படிச்ச லட்சணம் இதுதானாம்மா? என்னோடதைப் பாரு, மூணுலயும் நிக்காம கடைசி வரைக்கும் ஓடுது! கஸ்டமருக்கு இதைத்தான் அனுப்பப்போறேன். நாளையிலேருந்து நீ போன் எடுத்தாப் போதும்."

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று, பாவம். ஆனாலும் அவருடைய ஃபைலைத் திறந்து பார்த்தாள்.

"மாமா, எல்லாக் கட்டளைக்கும் முன்னாடி ஒரு சின்னக் கோடு போட்டிருக்கீங்களே?"

"அதுலதாம்மா சூட்சுமமே இருக்கு! எந்தப் பிழை வந்தாலும் கண்டுக்காம மேலே போயிடும். உனக்கெல்லாம் எங்கே தெரியப்போகுது?"

"போயிடுச்சு மாமா. அந்த ரெண்டு கணினியிலயும் புரோகிராமைத்தான் காணோம்."